இரண்டு நிமிடத் திகில்: எங்கே பிசகியது, எப்படிச் சீராக்குவது

என் படத்தொகுப்பு மேசை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. தவணை முடியும் காலம் நெருங்கினால் உயர்தர ஊடக மாணவர்கள் பென்டிரைவும் வாடிய முகமுமாக வந்து நிற்பார்கள். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்குப் புதிய கதைப்படம் ஒன்றின் தொடக்கத்தை, தலைப்பெழுத்துகளோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துத் தரும் வேலை ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் அநேகமாகத் தேர்ந்தெடுப்பது அமானுஷ்யத் திகில். ஒரு வீடு போதும், இரண்டு நடிகர் போதும், இருட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. எடுத்து முடித்த பிறகு சொல்வதும் ஒரே வாக்கியம்: "எல்லாம் இருக்கிறது, பயம் மட்டும் வரவில்லை."

மேசையில் நான் முதலில் செய்வது இரண்டு சோதனை. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிடுவேன். பிறகு திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பேன். ஒலியில்லாமல் பார்த்தும் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்தால் படத்தில் உயிர் இருக்கிறது, கோளாறு ஒலியில். ஒலி இருந்தால் மட்டும் பயம் வருகிறதென்றால், படத்தின் ஓட்டையை இசை மூடி வைத்திருக்கிறது. இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் கமெராவைக் குறை சொல்லிப் பயனில்லை. கதை எழுதிய தாளுக்குத் திரும்ப வேண்டும். இனி உங்கள் படத்தின் அறிகுறியைத் தேடிப் படியுங்கள்.

பேய் தெரிந்தவுடன் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்

வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், முகம் நிறையப் பவுடர், கொலுசுச் சத்தம். இந்த நான்கும் சேர்ந்தால் நம் ஆட்களுக்குப் பயத்துக்கு முன்னால் நகைச்சுவைக் காட்சிகள்தான் நினைவுக்கு வரும். அதோடு, அந்தச் சேலைக்குள் இருப்பது எந்த மாணவி என்பது உங்கள் வகுப்புக்கே தெரியும்.

திருத்தம் எளிது, மனதுக்குத்தான் கடினம். பேய் தெரியும் துண்டுகளை எல்லாம் வெட்டி வேறொரு கோப்பில் போட்டுவிட்டு மீதியை ஓட்டிப் பாருங்கள். பேயைக் கண்டவளின் முகம் இருக்கும். அவள் பார்க்கும் திசை இருக்கும். அந்தத் திசையில் என்ன என்பது மட்டும் இருக்காது. ஒரு மாணவியின் படத்தில் சேலைக்காரி நிற்கும் ஆறு விநாடியை எடுத்துவிட்டு, அதே ஆறு விநாடிக்கு வெறும் நடைவழியை வைத்துக் கொடுத்தேன். சிரிப்பு நின்றது. அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்து திரைக்கு அருகே போய் நடைவழியின் மூலையை உற்றுப் பார்த்தான். அங்கே ஒரு தும்புத்தடிதான் சாய்ந்திருந்தது.

சில வேளை சிரிப்புக்குக் காரணம் பேயல்ல, நடிப்பு. கண்ணை அகல விரித்து நெஞ்சில் கை வைப்பது பாடசாலை நாடக மேடைக்குப் பொருந்தும். முகமே திரையை நிறைக்கும்போது பொருந்தாது. சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கமாகவும் பார்ப்பவர் வாசித்துக்கொள்வார் என்பது சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் வழங்கும் பழைய பாடம். ஆகவே நடிகரைப் பயப்படச் சொல்லாதீர்கள். கதவைப் பார்த்தபடி மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு பதினேழில் அவர் திணறும் கணம்தான் உங்களுக்கு வேண்டிய முகம்.

யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை

நான் அதிகம் மினக்கெடுகிற இடம் இதுதான்.

ஒரு குழு கொண்டுவந்த தொடக்கம் இப்படி இருந்தது. பெண்ணொருத்தி மாலை வகுப்பு முடிந்து தொடர்மாடி வீட்டுக்கு வருகிறாள். உள்ளே அம்மாவும் தம்பியும். இரவில் கதவைப் பூட்ட வருகிறாள். வாசலில் ஒரு சோடி செருப்பு கூடுதலாகக் கிடக்கிறது. நல்ல கரு. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதை நம் வீடுகளில் வாசற் செருப்பே சொல்லிவிடும். ஆனால் படத்தில் செருப்பை மிக நெருக்கத்தில் காட்டி, இசையில் பெரிய இடி ஒன்றை இறக்கியிருந்தார்கள். காட்டிப் பார்த்த நாலு பேரும் கேட்டது: "செருப்புக்கு என்ன?"

எத்தனை சோடி இருக்க வேண்டும் என்று படம் அதற்கு முன் சொல்லவேயில்லை. கணக்குத் தெரியாதவருக்குக் கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது.

மீண்டும் எடுத்தோம். கமெராவைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்து, தாங்கியின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினோம். முதலில் மூடிய கதவு. வெளியே இரண்டு சோடி, அம்மாவின் செருப்பும் தம்பியின் பாடசாலைச் சப்பாத்தும். அவள் வருகிறாள்; கால்கள் மட்டும் தெரிகின்றன. செருப்பைக் கழற்றி, காலாலேயே ஓரமாகத் தள்ளி வைக்கிறாள். மூன்று. கதவு திறந்து மூடுகிறது. சிறிது நேரத்தில் தம்பி குப்பைப் பையோடு வெளியே போகிறான், திரும்புகிறான். இரண்டு, மறுபடி மூன்று. கமெரா அசையவில்லை. இந்தத் துண்டு சலிப்பாக இருக்கிறது என்று குழுவில் ஒருவர் சண்டை பிடித்தார். சலிப்புத்தான் வேண்டும் என்றேன். பார்ப்பவர் தம்மையறியாமல் எண்ணப் பழகுவது அந்தச் சலிப்பில்தான்.

மூன்றாம் தடவை, அதே இடம், அதே உயரம், இரவு. நான்கு. நெருக்கக் காட்சி இல்லை, இசை இல்லை. நான்காவது, தேய்ந்த இறப்பர்ச் செருப்பு; நனைந்திருக்கிறது. மற்ற மூன்றும் நுனி கதவைப் பார்க்கக் கிடக்கின்றன, வந்தவர் கழற்றிவிட்டு அப்படியே உள்ளே நடந்ததால். இது மட்டும் வெளியே பார்த்துக் கிடக்கிறது. யாரோ பின்பக்கமாக நடந்து வந்து கழற்றிவிட்டு, பின்பக்கமாகவே உள்ளே போனது போல.

ஏழு விநாடி அப்படியே விட்டோம். முன்பு "செருப்புக்கு என்ன?" என்று கேட்ட அதே பிள்ளை நாலாவது விநாடியில் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

ஒரு கைவேலைக் குறிப்பு. செருப்பின் ஈரம் மின்விசிறிக் காற்றில் காய்ந்து ஒவ்வொரு முறையும் மாறிப்போனது. பாமசியில் கிளிசரின் வாங்கித் தண்ணீரோடு சரிக்குச் சரி கலந்து தெளித்தோம். துளிகள் அப்படியே நின்றன. மாபிள் தரையில் சிந்தினால் வழுக்கும், துடைத்துவிடுங்கள். அம்மாக்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

உங்கள் படத்தில் எது வழக்கம், எது பிசகு என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "வாசலில் மூன்று சோடிதான் இருக்க வேண்டும், நான்கு இருக்கிறது" என்பது போல. எழுத வராவிட்டால் எடுக்கவும் வராது.

"இது பேய்ப்படமா, கொலைப்படமா?" என்று கேட்கிறார்கள்

கேட்கட்டும். இது பாதி நோய், பாதி ஆரோக்கியம். நடந்ததற்கு உலக நடப்பில் விளக்கம் உண்டா, உலகுக்கு அப்பாற்பட்ட ஒன்றா என்று முடிவெடுக்க முடியாத தயக்கம் நீடிக்கும்வரைதான் இத்தகைய கதைக்கு உயிர் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெட்டன் தொதொரோவ் 1970 இல் இலக்கியத்தை வைத்து விளக்கினார். திகில் படத்துக்கு ஒரு கேள்வி வேண்டும், அதைத் துரத்த ஓர் ஆள் வேண்டும். அமானுஷ்யம் அந்தக் கேள்விக்கு நம்ப முடியாத ஒரு பதிலையும் மேசையில் வைக்கிறது. தொடக்கத்தில் இரண்டு பதிலும் சம பலத்தோடு இருக்க வேண்டும்.

உங்கள் தடயங்களை எண்ணிப் பாருங்கள். லிஃப்ட் தானாகத் திறந்தால் மேல்மாடியில் யாராவது பொத்தானை அழுத்தியிருக்கலாம், தயங்க இடமிருக்கிறது. சுவரில் இரத்தத்தால் எழுத்துத் தோன்றினால் தயக்கம் அந்தக் கணமே செத்துவிட்டது, மீதிப் படத்துக்கு வேலையில்லை. எல்லாத் தடயமும் பேயையே காட்டினால் மனிதக் கையைக் காட்டும் ஒன்றைச் சேருங்கள். ஒன்றுமே பேயைக் காட்டவில்லையென்றால் மறுபக்கம் ஒன்று. "கொலைப்படமா?" என்ற கேள்வி படம் பார்த்து முடிந்த பின் வந்தால் சரி. முதல் அரை நிமிடத்திலேயே வந்தால், பயத்தின் வாசனையே இன்னும் படத்தில் ஏறவில்லை என்று அர்த்தம்.

திகில் வகைப் படங்களில் வழக்கமாக வரும் அம்சங்களில் எத்தனை சேர்க்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தனித்திருக்கும் ஒருவர், எல்லோருக்கும் முன்னே உணரும் குழந்தை அல்லது நாய், பழைய பொருள், கண்ணாடி, மெல்ல நெருங்கும் கமெரா, திரைக்கு வெளியிலிருந்து வரும் சத்தம். இரண்டு நிமிடத்தில் ஆறையும் அடுக்கினால் புறக்கோட்டை நடைபாதைக் கடை போலாகும். இரண்டு போதும். ஒன்றை எதிர்பார்த்தபடி கொடுங்கள், மற்றதைச் சற்றே திருப்புங்கள்: எல்லோருக்கும் முன்னே உணர வேண்டிய நாய், அந்த இடத்தில் வாலாட்டட்டும்.

எங்கோ பார்த்த ஆங்கிலப் படம் போல இருக்கிறது

எங்கள் வீடுகளில் நிலவறை இல்லை, கூரைக்கடியில் பழைய பெட்டிகள் அடுக்கிய அறையும் இல்லை, வாசலைத் தாண்டினால் பனிக்காடும் இல்லை. ஆனால் மாணவர் கதைகளில் இவை இருக்கின்றன. இல்லாததை உருவாக்கப் போய்க் களஞ்சிய அறையில் நீல விளக்குப் போடுகிறார்கள்.

விளக்கு அணைவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படத்தில் வீட்டு விளக்கு அணைந்தால் பயம். இங்கே 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரமில்லாமல் இருந்தோம். எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்தோம். உங்கள் படத்தில் விளக்கு அணையும்போது பார்ப்பவர் மனதில் வருவது பேயல்ல, மெழுகுவர்த்தி எங்கே என்பது. இதை எதிராகத் திருப்பலாம். ஊர் முழுவதும் மின்வெட்டு. எதிர்த் தொடர்மாடியின் எல்லா யன்னலும் இருட்டு. ஒரேயொரு யன்னலில் மட்டும் மின்விசிறி சுற்றுகிறது.

இருட்டுத்தான் வேண்டும் என்றும் இல்லை. உச்சிப்பொழுதில் கிணற்றடிக்கும் புளிய மரத்தடிக்கும் தனியே போகாதே என்று சொல்லித்தான் நம் அப்பம்மாக்கள் வளர்த்தார்கள். நண்பகலுக்கு நம்மிடம் ஏற்கெனவே பயம் இருக்கிறது, அதை யாரும் படமாக்குவதில்லை. அதிலும் ஏப்ரல் முதற் பகுதியில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும். செப்டெம்பர் தொடக்கத்தை ஒட்டி மறுபடியும். அந்த நாள்களில் நண்பகல் 12.10 ஐக் கடந்த சில நிமிடங்களுக்கு, நிமிர்ந்து நிற்கும் ஆளின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், நிழலில்லாமல் ஒருவர் நிற்கிறார். எந்த மென்பொருளும் தேவையில்லை. மேகம் வராதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழும்பு தருவது இன்னும் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து யன்னல்களில் படியும் உப்புப் படலம்; கரையோர ரயில் போகும்போது அலுமாரிக்குள் கிண்ணங்கள் மெல்லக் கிலுகிலுப்பது. ரயில் போகாத நேரத்தில் அதே கிலுகிலுப்பு வந்தால்? ஆனால் ரயில் பாதையில் இறங்கிப் படமெடுக்க வேண்டாம். கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. அனுமதியில்லாமல் பாதையில் நடப்பது குற்றமும்கூட. சத்தம் மட்டும் போதும், வீட்டுக்குள் இருந்தே பதியலாம். ட்ரோன் ஆசையும் அப்படித்தான், அனுமதி எடுக்காமல் பறக்கவிடாதீர்கள்.

இன்னொன்று. தேசிக்காய், வேப்பிலை, கழிப்பு, பக்கத்து வீட்டாரின் தொவில் என்ற சிங்களப் பேயோட்டும் சடங்கு போன்றவற்றைப் பேய்க்கு அலங்காரமாக்கும்போது நிதானம் வேண்டும். உங்கள் படத்தைப் பார்க்கும் வகுப்பில் நாலு சமயத்தவரும் இருப்பார்கள். ஒருவரின் வழிபாடு இன்னொருவரின் திகில் பொருளாகத் திரையில் வருவது நன்றாயிராது.

டிரெய்லர் போல இருக்கிறது

நூறு துண்டுகள், கறுப்பில் மின்னி மறையும் எழுத்து, கடைசியில் அலறல். டிரெய்லர் படத்தை விற்கிறது. தொடக்கம் படத்துக்குள் அழைத்துப் போகிறது. இரண்டு நிமிடத்தில் உங்களிடம் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். அறுபதுக்கு மேல் போனால் பாதியை எடுத்துவிட்டு மீதியை நீட்டுங்கள். கதையில் ஒரே இடம், ஒரே பொழுது என்று கட்டுப்படுத்தினால் இந்த நோய் அநேகமாகத் தானே தீரும்.

இருட்டுக் காட்சி சேறு போலத் தெரிகிறது

இருட்டைப் படமெடுக்க வெளிச்சம் வேண்டும். அறையை அணைத்துவிட்டு எடுத்தால் போன் தானாக ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன் அளவை உயர்த்திக்கொள்ளும், கறுப்பு, மண் நிறப் பொரியாகும். போனின் தானியங்கி அமைப்பை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 400 ஐச் சுற்றி வைத்து, ஆளுக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில் ஒரு விளக்கு வையுங்கள். பாதி முகம் தெரிந்தால் போதும். காட்சிச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி, கதவிடுக்கு வெளிச்சம் போல, இருந்தால்தான் கண் மீதியை இருட்டு என்று ஏற்றுக்கொள்ளும். மீதி இருட்டைத் தொகுப்பில் கூட்டிக்கொள்ளலாம். வெளிச்சமில்லாமல் எடுத்ததில் வெளிச்சத்தைக் கூட்டவே முடியாது.

வெளிப்புறத்துக்கு விளக்கு வைக்கும் நேரம் மிக நல்லது, ஆனால் அது கொழும்பில் ஓடி மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 5.50 க்கும் 6.30 க்கும் இடையில் மறைகிறது; அதன் பின் நீல வெளிச்சம் சுமார் 20 நிமிடம்தான். ஆகவே ஒத்திகையைச் சூரியன் மறையும் முன் முடித்துவிடுங்கள். ஒரு மாலைக்கு ஒரு காட்சிக்கோணம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றமில்லை. பகலில் எடுத்து இரவாக்க நினைத்தால் வானம் சட்டத்துக்குள் வராமல் பார்த்து, வெள்ளைச் சமநிலை எனும் நிற அமைப்பை 3200 கெல்வினுக்கு மாற்றி, இரண்டு படி வெளிச்சம் குறைத்து எடுங்கள்.

உங்கள் கணினியில் நன்றாகவும் நண்பர்களின் போனில் சேறாகவும் தெரிகிறதா? வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியிருப்பீர்கள். ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காது.

படத்தின் மேல் பட்டைகள் ஓடுகின்றன

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. போன் கமெராவின் ஷட்டர் 60 ஹேர்ட்ஸ் நாட்டுக் கணக்கில் 1/60 விநாடி வேகத்தில் திறந்து மூடினால் பட்டை வரும். விநாடிக்கு 25 சட்டம், திறப்பு வேகம் 1/50 என்று மாற்றினால் போய்விடும். 1/100 உம் சரி. அதன் பிறகும் வந்தால் விளக்கை மாற்றுங்கள். பேய்க்காகத்தான் விளக்கு மினுங்குகிறது என்று ஆசிரியரிடம் சமாளித்த மாணவனை எனக்குத் தெரியும். அவருடைய பேய் சமையலறையில் பகலிலும் மினுங்கியது.

ஒலி நம்ப வைக்கவில்லை

கொழும்பு அமைதியான ஊர் அல்ல. நள்ளிரவுக் காட்சியில் காகம் கரைந்தால் கதை முடிந்தது. ஒருவர் படத்தில், பெண் மூச்சை அடக்கி அலுமாரிக்குள் ஒளிந்திருக்க, தூரத்தில் பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டு கேட்டது. நான் மட்டுமல்ல, அவளும் சிரித்ததாகச் சொன்னாள்.

படமெடுக்கும் இடத்தில் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். நிறுத்திய பெட்டிக்குள் உங்கள் கார்ச் சாவியை வையுங்கள். போகும்போது மறக்காமல் மறுபடி போட்டுவிட்டுப் போவீர்கள். எல்லோரும் வாயை மூடி நிற்க, அறையின் வெறும் ஓசையை அரை நிமிடம் பதியுங்கள். துண்டுகளுக்கிடையே ஒலி வெட்டுப்படும் இடங்களில் அந்த அரை நிமிடம்தான் கை கொடுக்கும். பேச்சும் காலடியும் தெளிவில்லையென்றால் நள்ளிரவுக்குப் பின் அதே அறையில் போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்துத் திரும்பப் பதியுங்கள். அந்த நேரத்தில் காலி வீதியும் சற்று ஓயும்.

ஒலியின் அடியில் ஓடும் கனத்த முழக்கம் கணினியில் நடுங்க வைத்தது, போனில் கேட்கவேயில்லை என்பார்கள். போனின் சிறிய ஒலிபெருக்கி 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. அதே முழக்கத்தை 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையிலான இன்னொரு அடுக்கோடு சேர்த்தால் எங்கும் கேட்கும். அல்லது முழக்கத்தை விட்டுவிட்டு அறை ஓசையைத் திடீரென்று அறுத்துப் பாருங்கள். மின்விசிறியின் சத்தம் சட்டென்று நிற்கும் இடம் பல முழக்கங்களைவிடப் பெரியது.

திடுக்கிட வைக்கும் இடி வேலை செய்யாததற்குக் காரணம், அதற்கு முன்னால் அமைதி இல்லாதது. 1942 இல் வால் லூட்டன் தயாரித்த கேட் பீப்பிள் படத்தில் இரவில் ஒரு பெண் பூங்கா மதிலோரம் நடக்கிறாள், பின்னால் வரும் காலடி நின்றுபோகிறது, அமைதி, சீறிக்கொண்டு சட்டத்துக்குள் நுழைவது ஒரு பஸ். அந்த உத்திக்கே லூட்டன் பஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. நம்மிடம் காலி வீதியில் 101 ஆம் இலக்கப் பஸ் இருக்கிறது. பிரேக் சத்தம் இலவசம். ஆனால் அதற்கு முன் பத்து விநாடியாவது அவளுடைய காலடி மட்டும் கேட்க வேண்டும். அதைக் கொடுக்க மனம் வராதவர்களுக்குப் பஸ் வந்தும் பயனில்லை.

பாத்திரங்கள் பேசினால் வேறு நாட்டார் போல இருக்கிறது

வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த பெண், படத்தில் மட்டும் சென்னைக்காரியாகப் பேசுகிறாள். வீட்டில் கதைப்பவள் திரையில் பேசுகிறாள், வடிவாக இருப்பது அழகாகிவிடுகிறது, அப்பம்மா பாட்டியாகிவிடுகிறார். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, இது நம் வீடு அல்ல என்பது மட்டும் தெரியும். நம் வீடு இல்லையென்றால் பயமும் நமக்கில்லை. வசனத்தை எழுதாதீர்கள். சூழ்நிலையைச் சொல்லி நடிகர்களைத் தங்கள் வீட்டுப் பேச்சில் கதைக்கவிட்டுப் பதிந்து, அதிலிருந்து எடுங்கள். பிறகு பாதியை வெட்டுங்கள்.

தலைப்பெழுத்து படத்தைக் கெடுக்கிறது

இரண்டு விதமாகக் கெடும். முதலாவது, தமிழ் எழுத்தே உடைந்து நிற்கும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளியிட்ட வட்டம். தொகுப்பு மென்பொருள் தென்னாசிய எழுத்துகளைச் சேர்த்துக் கட்டும் முறைக்கு மாறாமல் இருப்பதுதான் காரணம். எழுத்து அமைப்புகளில் அந்தத் தெரிவைத் தேடி மாற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும், யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நேரமில்லையென்றால் தலைப்பைப் படமாகச் செய்து, பின்புலம் இல்லாத பி.என்.ஜி. கோப்பாக ஏற்றிவிடலாம். அது எங்கும் உடையாது.

இரண்டாவது, இரத்தம் சொட்டும் எழுத்து. அது சொட்டத் தொடங்கியவுடன் உங்கள் தயக்கம், செருப்பு, உச்சிவெயில் எல்லாம் வீண். மெல்லிய எழுத்தைச் சிறிதாக, சட்டத்தின் வெற்றிடத்தில் வையுங்கள். தயாரிப்பு நிறுவனம் முதலில், நடிகர்கள், படத்தின் பெயர், பிறகு தொழில்நுட்பக் கலைஞர்கள், கடைசியில் இயக்குநர் என்பது பொது வரிசை; படத்தின் பெயரை மட்டும் முடிவுக்குத் தள்ளுவதும் உண்டு. கதை, ஒளிப்பதிவு, தொகுப்பு, ஒலி, இயக்கம் ஐந்துக்கும் ஒரே பெயர் ஐந்து தடவை வந்தால் அரங்கில் சிரிப்பு நிச்சயம். ஒரே அட்டையில் அடக்கிவிடுங்கள். மற்றப் பெயர்களை வழக்கமான காட்சிகளின் மேல் வைக்கலாம். பிசகு வரும் காட்சியின் மேல் யாருடைய பெயரும் வரக் கூடாது, உங்கள் பெயர் உட்பட.

இரண்டு நிமிடம் முடிகிறது, யாரும் அடுத்தது என்ன என்று கேட்கவில்லை

பெரும்பாலும் ஒரு துண்டு அதிகமாக ஓடியிருக்கும். செருப்புக் குழுவின் முதல் தொகுப்பில், நான்காவது சோடியைக் கண்ட பெண் திரும்பி ஓடி, அம்மாவை எழுப்பி, மூவரும் வீடெல்லாம் தேடினார்கள். தேடியதால் பதில் கிடைத்தது: ஒருவருமில்லை. பதில் கிடைத்தால் யார் மீதியைப் பார்ப்பார்கள்? பின்னாலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொண்டே வந்து, எங்கே நிறுத்தினால் பார்ப்பவர் "ஐயோ, பிறகு?" என்கிறார் என்று பாருங்கள். அதற்கு அடுத்த துண்டில் படத்தின் பெயர்.

அவர்களுக்கு அந்த இடம் இப்படி அமைந்தது. அவள் நாலாவது செருப்பைப் பார்க்கிறாள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, நனைந்த அந்தச் சோடியைக் கையால் எடுத்து, மற்ற மூன்றும் கிடப்பது போல நுனி கதவைப் பார்க்க ஒழுங்காகத் திருப்பி வைக்கிறாள். கதவைச் சாத்துகிறாள். பூட்டும் சத்தம். கறுப்பு.